எஸ்தர் பொன்மணி யார்?

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு சபூரா திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகள் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் பதினான்கு ஆண்டுகளாக மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி வந்தார்.

சீடர் ஆவுடையப்பன் நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்தவர். சாட்சி இருமினால் இருமலையும் எழுதிவிடுவார் என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே சபூராவைத் தேடி வந்தார்.

"எனக்கும் கத்துக் குடுங்க, சிஸ்டர்."

காலை ஷிப்ட் முடிந்ததும் மருத்துவமனைக் கேன்டீனில் உட்கார்ந்து சபூரா கற்றுக்கொடுத்தார். ஆவுடையப்பன் வேகமாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய தமிழில் ஒரு பிழை இருக்காது.

சித்திரையில் சபூரா ஒரு மாதப் பயிற்சிக்காகச் சென்னை போனார். திரும்பி வந்த அன்று ஆவுடையப்பன் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்க இல்லாதப்ப ஒரு பெரிய வேலை முடிச்சிருக்கேன். பாருங்க."

எஸ்தர் பொன்மணி என்பவரைப் பற்றிய பக்கம் அது. காது கேளாதோர் பள்ளி ஆசிரியர். முன்பு அந்தப் பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. எஸ்தர் பொன்மணி காது கேளாதோருக்கான ஆசிரியர். முப்பத்தொரு ஆண்டுகள் வெண்மணற்குடிப் பள்ளியில் பணியாற்றினார். கடற்கரை ஊர்களின் சைகைகளுக்கு முதல் அகராதி தொகுத்தார்.

இப்போது அதன் கீழே 'சர்ச்சை' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே பதினொரு பத்திகள்.

எஸ்தரின் பழைய மாணவர் மிக்கேல். அகராதியில் உள்ள நானூறு சைகைகளை ஊர் ஊராக அலைந்து திரட்டியது தான் என்றும், நூலில் தன் பெயரே இல்லை என்றும் அவர் புகார் சொல்லியிருந்தார். ஐந்து வாரங்களுக்கு முன்னால் அது செய்தியாயிற்று. யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார், எந்த டி.வி.யில் யார் கத்தினார், எந்தக் கட்சிப் பேச்சாளர் என்ன கேலி செய்தார் என்று எல்லாவற்றையும் ஆவுடையப்பன் நாள்வாரியாக எழுதியிருந்தார். பக்கத்தின் முதல் வரியையும் மாற்றியிருந்தார்.

எஸ்தர் பொன்மணி, பிறர் பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டியதைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார் என்று, கடும் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்.

சபூரா கடைசி வரை படித்தார்.

"எல்லாம் உண்மையா?"

"பேப்பர்ல வந்தது, டி.வி.ல சொன்னது. நானா ஒரு வார்த்தை சேர்க்கல. ஒவ்வொரு வரிக்கும் சான்று குடுத்திருக்கேன்."

"விசாரிக்கிறவங்க என்ன சொன்னாங்க?"

"பதிப்பகம் ஒரு குழு போட்டிருக்கு. இன்னும் முடியல. அதையும் எழுதியிருக்கேன். பத்தாவது பத்தி."

"இந்தம்மாவைப் பார்த்திருக்கீங்களா?"

"எதுக்கு? கோர்ட்ல நான் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. காதைக் குடுப்பேன், கை எழுதிரும்."

சபூரா பக்கத்தின் மேல் மூலைக்குப் போனார். படம் இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது.

"படம் இல்லையே."

"இல்லை."

"நாளைக்குப் போய் எடுத்துட்டு வாங்க."

சபூரா வேறு ஏதாவது சொல்வார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார். சபூரா லேப்டாப்பை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

வெண்மணற்குடிக்குப் போகும் பஸ்ஸில் கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆவுடையப்பன் ஒருவர்தான் பயணி. இரண்டு பக்கமும் உப்பளம். உச்சி வெயில் உப்பில் பட்டுக் கண்ணில் அடித்தது. எங்கே பாத்தி முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. கண்டக்டர் துண்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊரில் ஒரு டீக்கடை திறந்திருந்தது.

"எஸ்தர் டீச்சர் வீடு எங்க இருக்கு?"

டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"யாரு? பிறர் பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டியதைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார் என்று, கடும் குற்றச்சாட்டுக்கு ஆளானவரா? தெக்க போங்க. ரெண்டாவது முடுக்கு."

ஆவுடையப்பன் நின்றார். 'என்று' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் ஒரு காற்புள்ளி வைத்திருந்தார். டீக்கடைக்காரர் அந்த இடத்தில் சரியாக நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"தெக்க போங்கன்னு சொன்னேன்."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தார். அவர் பாய்லரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடுக்கின் முனையில் ஒரு பெண் குழாயடியில் குடத்தோடு நின்றாள். தண்ணீர் நூல் போல வந்தது.

"எஸ்தர் டீச்சர் வீட்ல இருப்பாங்களாம்மா?"

"இருப்பா. எங்க போவா?" அவள் குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆனா, இது குறித்துக் கேட்டபோது அவர் பதிலளிக்க மறுத்துவிட்டார்."

அது இரண்டாவது பத்தியின் கடைசி வாக்கியம். கடற்கரை ஊரில் குடம் பிடிக்கிற ஒரு பெண் 'குறித்து' என்று பேசி ஆவுடையப்பன் கேட்டதில்லை.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னா?"

"எதை?"

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முடுக்குக்குள் நாலடி வைத்ததும் அவருக்கு அந்தக் குரல் கேட்டது. ஒரு பெண் குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, நடுவில் மூச்சு விடவும் இல்லை. ஐந்தாவது பத்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஆறாவது. ஏழாவது. இரண்டு பக்கத்து வீடுகளிலும் கதவு திறந்தே இருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு அம்மா அரிசி புடைத்தாள். யாரும் அந்தக் குரலைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை அல்லவா, அப்படி.

பதினொன்றாவது பத்தி முடிந்தது. தெரு அமைதியாயிற்று.

அப்புறம் வயதான ஒரு ஆண் குரல் கேட்டது.

"எஸ்தர் பொன்மணி யாரு?"

பெண் குரல் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

அந்த வீட்டு வாசலில் ஆவுடையப்பன் போய் நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர், மடியில் செல்போன். இரண்டு கண்ணும் வெள்ளையாக இருந்தன. உப்பளத்தில் ஐம்பது வருஷம் வேலை பார்த்த கண்.

"யாரு அது, நிழலா நிக்கது?"

"திருநெல்வேலியில இருந்து வாரேன். டீச்சரைப் பார்க்கணும்."

"உக்காருங்க. இது முடியட்டும்."

ஏழு நிமிடம் ஆயிற்று. பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். நடுவில் ஒரு பெண்மணி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றார். எஸ்தர். அவர் வந்தவரின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

முடிந்ததும் பெரியவர் பேசினார். அவர் எஸ்தரின் தகப்பனார், ஞானமுத்து.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி எம்மகளைப் பத்தி இதுல எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க. கேட்டா முழுசா வாசிக்கும்னு எம்மகதான் போனை எங்கையில குடுத்தா. மூணு வரிதான். காலையில காப்பிக்கு முன்னால ஒருக்கா கேப்பேன். எனக்கு மனப்பாடம். இப்ப மூணு வாரமா, கேக்கது எம்மக பேரு, சொல்லுதது வேற ஆளைப் பத்தி. அதே பொண்ணுதான் பேசுது, குரல் மாறல. ஆனா வேற ஆளு."

"அதை ஏன் ஐயா திரும்பத் திரும்பக் கேக்கீங்க?"

"எப்பவாவது பழைய மாதிரி சொல்லிராதா? நான் கேக்காத நேரத்துல மாறிட்டுன்னா?"

அவர் போனைத் தடவினார்.

"காலையில இருந்து எத்தனை தடவை?" என்று ஆவுடையப்பன் எஸ்தரிடம் மெதுவாகக் கேட்டார்.

"எண்ணலை. நிறுத்தச் சொன்னேன். நிறுத்திட்டா என்னத்த நம்பி உக்காந்திருப்பாரு?"

கலைக்களஞ்சியத்துக்குப் படம் வேண்டும் என்றார் ஆவுடையப்பன். எஸ்தர் மறுக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் வந்து நின்றார். ஆவுடையப்பன் செல்போனை உயர்த்தினார். எஸ்தரின் வலது கை தானாக எழுந்தது. இடது உள்ளங்கையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து, சேலை மடிப்புக்குள் ஒளிப்பது போல ஒரு அசைவு. உடனே கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"என்னது அது?"

"எம்பேரு."

"பேரா?"

"காது கேக்காதவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ஆளுக்கு ஒரு சைகை வெப்பாங்க. எனக்கு முப்பத்தொரு வருஷம் இதுதான்." எஸ்தர் கன்னத்து மச்சத்தை விரலால் தொட்டார். "போன வாரம் சேலத்துல இருந்து ஒரு பொண்ணு வீடியோவுல கூப்பிட்டா. நான் அவளைப் பார்த்ததே இல்லை. நீங்கதானே இது, அப்படின்னு கேட்டா." மறுபடி அந்தக் கிள்ளி ஒளிக்கும் அசைவு. "திட்டணும்னு கேக்கல. அவளுக்கு என்னை அப்படித்தான் தெரியும். நானும் ஆமான்னு சொன்னேன். அதுல இருந்து, யாருக்காவது என்னைச் சொல்லணும்னா கை முதல்ல அதைத்தான் செய்யுது."

முப்பத்துநான்கு வருஷம் வக்கீல்களின் கேள்விகளைக் கேட்டு எழுதிய பழக்கம், ஆவுடையப்பனுக்குக் கேள்வி தானாக வந்தது.

"மிக்கேல் சொல்றது நெசமா?"

"நெசம். நானூறும் அவன் கொண்டாந்தது. முன்னுரையில அவன் பேரு எழுதிக் குடுத்தேன். அச்சாகி வந்தப்ப அந்தப் பக்கம் இல்லை. நான் பார்த்திருக்கணும். புஸ்தகம் வந்த சந்தோஷத்துல பார்க்கலை. குழுகிட்ட இதைச் சொல்லியிருக்கேன்."

"பேப்பர்காரங்க கேட்டப்ப?"

"போன் அடிச்சுது. அப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எழுதுனவரு யாருன்னு தெரியலை. ஆனா நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை."

அப்போதும் எஸ்தர் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ் உப்பளத்தைத் தாண்டுவதற்குள் ஆவுடையப்பன் பதினொரு பத்திகளையும் செல்போனிலேயே அழித்துவிட்டார். முதல் வரியையும் பழையபடி ஆக்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கேன்டீனில் சபூரா படத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன், சிஸ்டர்."

"பார்த்தேன்."

"மூணு வாரம் அந்தப் பெரியவர்... நீங்க முந்தாநாளே அழிச்சிருக்கலாமே?"

"அழிச்சிருக்கலாம். நீங்க நாளைக்கு வேற ஒருத்தருக்கு எழுதியிருப்பீங்க."

ஆவுடையப்பன் செல்போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"மிக்கேலைப் பார்த்தீங்களா?" என்று சபூரா கேட்டார்.

"இல்லை."

"ஒரு மணி நேரமா உங்க பின்னாலதான் உக்காந்திருக்காரு."

ஆவுடையப்பன் திரும்பினார். அடுத்த மேஜையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் முன்னால் இருந்த டீயில் ஏடு கட்டியிருந்தது. கேன்டீனில் அத்தனை கூட்டத்திலும் அவர் வந்ததோ உட்கார்ந்ததோ ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

"கலைக்களஞ்சியத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால பேச ஒரு இடம் இருக்குல்லா? காலையில அங்க எழுதியிருந்தாரு. நான் வரச் சொன்னேன்."

மிக்கேல் செல்போனில் எழுதி, பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டினார்.

'மூன்று வாரம் நான் நடந்த விஷயமாக இருந்தேன். நேற்று மாலையிலிருந்து நடக்காத விஷயம்.'

ஆவுடையப்பன் சபூராவைப் பார்த்தார். சபூரா மிக்கேலைப் பார்த்தார்.

மிக்கேல் பையிலிருந்து அகராதியை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கோட்டோவியமாக ஒரு கை. அருகில் அதன் பொருள்: கரை திரும்பாத படகு. அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

'இது என் அம்மாவின் கை,' என்று எழுதிக் காட்டினார். 'விசைப்படகில் கயிறு சுற்றி விரல் போயிற்று. அவளுக்கும் காது கேட்காது. இந்தச் சைகை அவளுடையது. நான் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அவள் இறந்து எட்டு வருஷம்.'

அவர் திரும்ப எழுதினார்.

'இப்போது இதைப் படித்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், இந்தச் சைகை காட்டும்போது சுண்டுவிரலைப் பாதி மடக்குகிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு. மதுரையில் பார்த்தேன். கோயம்புத்தூரில் பார்த்தேன். தெரியாத ஊரில், தெரியாத பிள்ளைகளின் கையில், என் அம்மாவின் விரல் வருகிறது. அவள் பெயர் எங்கும் வரவில்லை.'

கேன்டீனில் யாரோ தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். ஆவுடையப்பன் துள்ளினார். மிக்கேல் அசையவில்லை.

"சிஸ்டர்," என்றார் ஆவுடையப்பன். "எழுதினா அந்த அம்மா காணாமப் போயிருதாங்க. எழுதாட்டா இவரு போயிருதாரு. நான் எதைச் செய்ய?"

"எழுதுங்க."

"என்னன்னு?"

"இவர் முன்னால உக்காந்து எழுதுங்க. அப்புறம் வெண்மணற்குடிக்குப் போய், அந்தப் பெரியவர் முன்னால அதை வாய்விட்டு வாசிங்க. ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்னு அவசியமில்ல. ரெண்டு இடத்துலயும் உங்க நாக்கு குழறாம இருக்கணும்."

ஆவுடையப்பன் எழுத ஆரம்பித்தார். முதலில் எழுதியதை மிக்கேலிடம் காட்டினார். மிக்கேல் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'கடும்' என்ற சொல்லை ஆவுடையப்பன் தானே எடுத்தார். டி.வி. சத்தம் முழுவதையும் எடுத்தார். கட்சிப் பேச்சாளரை எடுத்தார். 'பதிலளிக்க மறுத்துவிட்டார்' என்பதை எடுக்கும்போது கை ஒரு கணம் நின்றது, பிறகு எடுத்தது. மூன்று மணிக்கு இரண்டு வாக்கியம் மிஞ்சியது.

அகராதியிலுள்ள நானூறு சைகைகளைத் தாம் திரட்டியதாகவும் நூலில் தம் பெயர் இடம்பெறவில்லை என்றும் அவருடைய முன்னாள் மாணவர் மிக்கேல் புகார் அளித்துள்ளார். பதிப்பகம் அமைத்த குழு இதனை விசாரித்து வருகிறது.

மிக்கேல் இரண்டு முறை படித்தார். தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை.

"இதை எங்க வைக்க?" என்று ஆவுடையப்பன் கேட்டார். "மேல இருக்கது மூணு வரி. கீழ ரெண்டு வரி வெச்சாலும் பாதி வாழ்க்கை இதுதான்னு ஆயிருமே."

"அவங்க முப்பத்தொரு வருஷமும் மூணு வரிதானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தேடுனீங்களா?"

ஆவுடையப்பன் எழுந்தார். அன்று சாயங்காலமே மாவட்ட நூலகத்துக்குப் போனார். மறுநாளும் போனார். பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். எஸ்தர் கட்டுமரத்தில் போய் ஏழு ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த செய்தி கிடைத்தது. சாட்சி சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு காது கேளாத பெண்ணுக்காக எஸ்தர் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்த செய்தியும் கிடைத்தது. எந்த நீதிமன்றம் என்று பார்த்தார். அவர் வேலை பார்த்த அதே நீதிமன்றம். அவர் அங்கே இருந்த வருஷம். அந்தச் சாட்சியத்தை எழுதியது அவருடைய கைதான். முகத்தை ஏறிட்டுப் பார்க்காததால் அவருக்கு எஸ்தரை நினைவில்லை.

நான்காம் நாள் பக்கத்தில் நாற்பது வரிகள் இருந்தன. அகராதியைப் பற்றிய வரிக்கு அடுத்து அந்த இரண்டு வாக்கியங்கள். தனித் தலைப்பு இல்லை.

ஐந்தாம் நாள் வெண்மணற்குடி போனார். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் பழைய வரியைச் சொன்னார். ஆவுடையப்பன் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

போன் அன்று மௌனமாக இருந்தது. அவர் ஞானமுத்துவின் எதிரே தரையில் உட்கார்ந்து தன் வாயாலேயே நாற்பது வரிகளையும் வாசித்தார். கடைசி இரண்டு வாக்கியத்தில் குரல் மெலிந்தது. ஆனால் குழறவில்லை.

பெரியவர் மகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மிக்கேலா? நம்ம வீட்டுல கஞ்சி குடிச்சு வளந்த பயலா?"

"ஆமாப்பா."

"அவன் பேரை ஏன் போடலை?"

எஸ்தர் அவர் மடியிலிருந்த போனை எடுத்து ஓரமாக வைத்தார். மூன்று வாரமாக நாள் முழுக்க ஓடிய பதினொரு பத்திகளின் சத்தத்தில் மிக்கேலின் பெயரோ அந்தக் கேள்வியோ பெரியவர் காதில் விழவே இல்லை.

வாசல்வரை எஸ்தர் கூட வந்தார்.

"அந்தப் பதினொரு பத்தியும் நான் எழுதினதுதான், டீச்சர்," என்றார் ஆவுடையப்பன்.

"தெரியும்."

"எப்படி?"

"முதல் நாள் நீங்க உக்காந்திருந்தப்ப போன் வாசிச்சுது. உங்க உதடும் அசைஞ்சுது. போனுக்கு ஒரு சொல் முந்தியே அசைஞ்சுது. நான் உதட்டைப் பார்த்துப் பிழைக்கிறவ."

"அப்பவே ஏன் கேக்கலை?"

"நீங்களும் மிக்கேலைப் பத்தி என்கிட்ட கேட்டுட்டுத்தானா எழுதுனீங்க?"

அவர் தலை குனிந்து பஸ்ஸுக்கு நடந்தார்.

ஐப்பசியில் குழுவின் அறிக்கை வந்தது. முன்னுரைப் பக்கம் அச்சகத்தில் விடுபட்டது, எஸ்தர் மெய்ப்பைச் சரிபார்க்கத் தவறினார் என்று முடிவு சொன்னது. அடுத்த பதிப்பின் அட்டையில் மிக்கேலின் பெயரும், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய அம்மா மரியசெல்வத்தின் பெயரும் வந்தன. ஆவுடையப்பன் இரண்டு வாக்கியத்தையும் திருத்தி, மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்.

சேலத்துப் பெண் மட்டும் இன்னும் அந்தப் பழைய அசைவைத்தான் காட்டுகிறாள். அவளிடமிருந்து வேறு சிலரும் கற்றுக்கொண்டார்கள். கையிலிருந்து கைக்குப் போனதை எங்கே போய்த் திருத்துவது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

அறிக்கை வந்த மறுநாள் அவர் கேன்டீனில் சபூராவின் எதிரே வந்து உட்கார்ந்தார். வெளியே மழை. சபூராவின் டீ ஆறிப்போயிருந்தது.

"ஒண்ணு கேக்கணும், சிஸ்டர்."

"கேளுங்க."

"நீங்க இப்படி யார் வீட்டுக்காவது போயிருக்கீங்களா?"

சபூரா ஆறிய டீயைத் தள்ளி வைத்தார்.

"ஒரு வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது."

"வெளியூர் போயிருந்தாங்களா?"

"அதுவரைக்கும், அவங்களைப் பத்தி நான் எழுதின பக்கத்துல பிறந்த தேதி மட்டும்தான் இருந்தது. இப்ப ரெண்டு தேதி இருக்கு," என்றார் சபூரா. "ரெண்டாவதையும் நான்தான் எழுதினேன்."